பாயிண்ட் பாய் மூடாமல் விட்ட சுவர்

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை முதலாகப் போட்டு முப்பது வருஷம் தொழில் நடத்தி, மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்து, ஊட்டிக்கும் ஒருதரம் போய்வந்த மனிதர் இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவில் ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர்தான் எங்கள் வீட்டுக்கு ஒயரிங் செய்ய வந்தார். வந்து என் உயிரை வாங்கினார்.

அந்த வார்த்தை ‘பாயிண்ட்’. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பேர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. உக்கடத்தில் வீடு. கொத்தனார், டைல்ஸ்காரர், மணல் லாரி டிரைவர் எல்லாருக்கும் அவர் பாயிண்ட் பாய். போனை எடுத்தால் அவரே, “பாயிண்ட் பாய் பேசறனுங்க” என்றுதான் சொல்வார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். ஒல்லி. காதில் பென்சில், சட்டைப் பையில் சாக்பீஸ். அந்த சாக்பீஸ் தூள் பட்டு மார்பில் எப்போதும் ஒரு வெள்ளைக் கறை. துவைத்த சட்டையிலும் அந்தக் கறை இருக்கும்.

கரண்டு வேலையில் பாயிண்ட் என்றால் எல்லாருக்கும் புரியும். லைட்டுக்கு ஒரு பாயிண்ட், ஃபேனுக்கு ஒரு பாயிண்ட், மிக்ஸி சொருக ஒரு பாயிண்ட். அதோடு அவர் நிறுத்தியிருந்தால் நான் ஏன் பேனாவை எடுக்கப் போகிறேன். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றி ஒரு மூலையில் விடுவார். அது செருப்பு பாயிண்ட், அங்கே வேறு யாரும் விடக்கூடாது. டம்ளர் வைக்கிற ஜன்னல் மேடை டீ பாயிண்ட். தாமதமாக வந்தால் மொபெட் இன்ஜினில் பாயிண்ட் கருகிப்போய்விட்டது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு வருகிறேன் என்பார். வராமலே போனால் காய்ச்சல் நூற்றொன்று பாயிண்ட் நாலு. வந்தபிறகு முதுகில் மூன்று பாயிண்டில் பிடித்துக்கொண்டிருக்கும். நாம் ஒன்று சொல்லி அது அவருக்குப் பிடித்துவிட்டால், பாயிண்டாகச் சொன்னீர்கள் என்று தலையாட்டுவார். பிடிக்காவிட்டால், பாயிண்டுக்கு வாங்க என்பார். அவர் பேச ஆரம்பித்தால் அவரைப் பாயிண்டுக்கு வரச்சொல்ல மட்டும் ஆள் கிடையாது.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம், மிஞ்சினால் இரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் ஊரில் இருக்கிற அர்த்தத்தையெல்லாம் அள்ளி ஒரே பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தார். என் மருமகள் கவிதா ஒருநாள் விரல் மடக்கி எண்ணினாள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பதினேழு பாயிண்ட்.

ஊட்டிக்குப் போய்வந்தீர்களே, எப்படி இருந்தது என்று அவள்தான் ஒருநாள் கேட்டாள். மலை முனையில் நின்று எல்லாரும் பள்ளத்தை வேடிக்கை பார்க்கிற இடம் இருக்கிறதே, வியூ பாயிண்ட் என்று, அங்கே கூட்டிப்போனார்களாம். “பேருதானுங்க அம்மணி பாயிண்ட்டு. ஒரு லைட்டுகூட மாட்டல” என்று குறைப்பட்டுக்கொண்டார். மேகத்தைப் பற்றியும் பள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

இனி என் சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் செய்த கொடுமை உங்களுக்குப் புரியாது.

என் மகன் செந்தில் துடியலூரில் வீடு கட்டினான். அதுவரைக்கும் நாங்கள் கவுண்டம்பாளையத்தில் லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அங்கே சுவிட்ச் பெட்டி ஐந்தரை அடி உயரத்தில் இருக்கும். நான் குள்ளம். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் லைட் போடுவதும் அணைப்பதும் அவர் வேலை. அவர் போனபிறகு என் தோள்பட்டை இரண்டும் இறுகிக்கொண்டன. கை நெஞ்சுக்கு மேல் ஏறாது. தலை சீவுவதென்றால் கையைத் தலைக்குக் கொண்டுபோக முடியாது, தலையைத்தான் கைக்குக் கொண்டுவர வேண்டும். லைட் போட பருப்பு கடைகிற மத்தை வைத்துக்கொண்டேன். மத்தைப் பிடித்துக் காம்பால் ஒரு தட்டு. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தட்டுவேன். யாராவது இருந்தால் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பேன், யாரையாவது போடவிட்டு.

செந்திலிடம் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவான். அங்கே முன்பின் தெரியாத டாக்டர் கையைத் தூக்கு, இறக்கு என்பார். எனக்குக் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே நாக்கு எழாது.

புது வீட்டில் எனக்கென்று ஓர் அறை. அந்த அறையில் ஒரே ஒரு சுவிட்ச் பெட்டி, கையைத் தூக்காமல் தொடுகிற மாதிரித் தாழ்வாக இருந்தால் போதும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை. இன்ஜினியர் வரைந்து கொடுத்த பிளானில் எல்லாப் பெட்டியும் ஐந்தடியில், ஒரே கோட்டில் இருந்தது. அப்படி இருந்தால்தான் அழகு என்று செந்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டான். அதற்கப்புறம் நான் எங்கே பேசுவது.

பாய் அந்தப் பிளானை நாலாக மடித்து அதன்மேல் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டார். “பேப்பர்ல மனுசன் கை எங்கீங்க இருக்குது?” என்று கேட்டார். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அந்த சுவிட்சை நாளைக்கு யார் போடப் போகிறார்களோ, அவர்களே வந்து நிற்க வேண்டும். கண்ணை மூட வேண்டும். சும்மா நடந்துவருகிற மாதிரி வந்து சுவரில் கையை வைக்க வேண்டும். கை எங்கே விழுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில்தான் சுவரைக் கொத்துவார். ‘கைக்குத் தெரியுமுங்க’ என்பார். எலக்ட்ரீஷியன்கள் பொதுவாகப் பாயிண்டைக் கூட்டப் பார்ப்பார்கள், இவர் குறைக்கப் பார்த்தார். இங்கே உங்களுக்கு என்ன வேலை, எதற்கு இந்த பாயிண்ட் என்று போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார்.

ஹால் சுவிட்சுக்குச் செந்தில் கை ஒரு இடத்தில் விழுந்தது, கவிதா கை ஒரு சாண் தள்ளி விழுந்தது. சாயங்காலம் யார் முதலில் வீட்டுக்கு வருகிறீர்கள் என்று கேட்டார். கவிதா. அப்படியானால் அம்மணி கைதான் பாயிண்ட் என்று முடித்துவிட்டார். செந்தில் இரண்டு நாள் ஹாலுக்குள் வராமல் பின்வாசல் வழியாகவே வந்துபோனான்.

சமையலறையில் அடுப்பில்லை, மேடையில் கிரானைட்டுகூட ஒட்டவில்லை. அந்த வெறும் அறையில் கவிதாவை ஒரு மணி நேரம் தோசை சுடவைத்தார். மாவு இல்லாமல், கல் இல்லாமல், வெறுங்கையால். ஊற்றுங்கள் என்பார், ஊற்றுவாள். திருப்புங்கள் என்பார், திருப்புவாள். மாவு அரைக்கும்போது போன் வந்தால் எந்தக் கையில் எடுப்பீர்கள் என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், அம்மணி, தோசை கருகுது என்று பாய் சொல்ல, கவிதா பதறிப்போய் இல்லாத அடுப்பை அணைத்தாள். அந்தக் கை போன இடத்தில் புள்ளி வைத்தார்.

குளியலறைதான் மோசம். கீசர் சுவிட்ச் கதவுக்கு வெளியே. செந்தில், ஒர்க்‌ஷாப் வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவன், சட்டை பேண்ட்டோடு உள்ளே நிற்கிறான். “கண்ணுல சோப்புங்க. தண்ணி கொதிக்குதுங்க. இப்ப அமத்துங்க பாக்கலாம்” என்கிறார் பாய். கதவிடுக்கு வழியாக என் மகனின் கை மட்டும் வெளியே வந்து சுவரைத் தடவுகிறது. டைல்ஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் பாய் இருக்கிற பக்கமே போகாமல் நழுவிக்கொண்டிருந்தேன். என் அறைக்கும் முறை வரும் என்று தெரியும்.

வந்தது. ஒரு புதன்கிழமை. செந்தில், கவிதா, கொத்தனார், டைல்ஸ்காரர் நாலு பேரும் அன்றைக்குப் பார்த்து வேலையில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். “வாங்கம்மா, கண்ண மூடிட்டுக் கைய வெய்யுங்க” என்றார் பாய். கண்ணை மூடினேன். கை எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். கைக்கும் தெரியும். நெஞ்சு உயரத்தில் வைத்தால் முடிந்தது வேலை. ஆனால் நாலு பேர் பார்க்கிறார்களே. ஏன் அவ்வளவு கீழே வைக்கிறீர்கள் என்று ஒருத்தர் கேட்டுவிட்டால் என்ன சொல்வது. பல்லைக் கடித்துக்கொண்டேன், குதிகாலை எக்கினேன், சேலைத் தலைப்புக்குள் இடது கையால் வலது முழங்கையை முட்டுக்கொடுத்துத் தூக்கி, ஊரெல்லாம் எங்கே சுவிட்ச் வைப்பார்களோ அங்கே கொண்டுபோய் உள்ளங்கையை ஒட்டினேன்.

கண்ணைத் திறந்தால் பாய் சுவரைப் பார்க்கவில்லை. என் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதானுங்களா என்று கேட்டார். தலையாட்டினேன். புள்ளி வைத்தார். உளியை எடுக்கவில்லை. “இந்த பாயிண்ட்ட நாளைக்குப் பாக்கலாமுங்க” என்று அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். தினமும் இரண்டு வேளையும் நான் கொண்டுபோகிற டீயைக் குடித்து முடித்ததும், அம்மா ஒருதரம் வந்து கை வைத்துவிட்டுப் போங்கள் என்பார். நான் போவேன், எக்குவேன், வைப்பேன். அவர் புள்ளி வைப்பார். உளியை எடுக்கமாட்டார். கை என்ன ஸ்கேலா, ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் விழுந்தது. ஒரு வாரத்தில் என் அறைச் சுவர் அம்மை போட்டமாதிரி ஆகிவிட்டது. வீட்டில் எல்லாச் சுவரையும் பூசிப் பட்டி பார்த்து முடித்துவிட்டார்கள். என் அறைச் சுவர் மட்டும் செங்கல் தெரிய நின்றது. ஆவணி முகூர்த்தத்தில் புதுமனைப் புண்ணியார்ச்சனைக்கு நாள் குறித்து, பத்திரிகை அடித்து, பவானியிலிருக்கிற சம்பந்தி வீடு வரைக்கும் நேரில் போய் அழைத்தாகிவிட்டது. இருப்பது ஆறே நாள்.

நான் அந்நிய ஆண்களோடு முகம் பார்த்துப் பேசி வழக்கமில்லை. கவிதாவைத்தான் நடுவில் வைத்துக்கொண்டேன். சீக்கிரம் முடிக்கச் சொல்லு கண்ணு என்றேன், பாய் இரண்டடி தள்ளி நிற்கும்போது. “அம்மா கை உட்டாத்தானுங்க முடிக்க முடியும்னு சொல்லுங்க அம்மணி” என்றார் அவர், அவளிடம். என் கைக்கு என்ன வந்ததாம் என்று கேள் என்றேன். அதை அம்மாவைத்தான் கேட்கோணும் என்று சொல்லுங்கள் என்றார். கவிதா பாவம், டென்னிஸ் ஆட்டம் பார்க்கிறவள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அவள் கழுத்திலும் ஒரு பாயிண்டைக் கண்டுபிடித்து, அங்கே அமுக்குங்கள் சரியாகும் என்றார் பாய். சரியானது. அதுவேறு எனக்கு எரிச்சல்.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். தெரிந்த மனிதர் வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கலாம் இல்லையா. அல்லது பேசாமல் தாழ்வாகக் கொத்திவிட்டு, கை தவறிப்போச்சுங்க என்று ஒரு பொய் சொல்லலாம். நான் அவரை நாலு திட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இரண்டும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தொழுகைக்குக் கிளம்பிப்போகிற இரண்டு மணி நேரம்தான் எனக்கு நிம்மதி.

அந்த வாரத்தில்தான் அன்னூரிலிருக்கிற என் தங்கைக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினேன். பாய் கேட்காமலே புத்தி சொன்னார். “சத்தி போற பாயிண்ட் டு பாயிண்ட்டுல ஏறுங்கம்மா, சல்லுனு போயிரலாம்.” காந்திபுரத்தில் அதில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார். அன்னூர் என்றேன். அன்னூர் நிக்காதுங்க, இது நேரா சத்தியமங்கலம், இறங்கிக்கோங்க என்றார். இறங்கியிருக்கலாம். பஸ் இன்னும் நகரக்கூட இல்லை. ஆனால் பஸ் முழுக்கத் திரும்பி என்னையே பார்த்தது. அத்தனை பேரையும் தாண்டிக்கொண்டு எப்படி இறங்குவது. “சரிங்க, சத்திக்கே ஒண்ணு குடுங்க” என்றேன்.

அன்னூர் வந்தது. தங்கை வீட்டுச் சந்துமுனையைக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் சல்லென்றுதான் போனது, அதில் பாய் பொய் சொல்லவில்லை. சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, யாரையும் தெரியாத ஊரில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, சாதா பஸ் பிடித்து அன்னூருக்குத் திரும்பினேன். வழியெல்லாம் பாயைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாதி தூரம் வந்தபிறகுதான் திட்ட வேண்டிய ஆள் யாரென்று எனக்கே உறைத்தது. ஒரு வார்த்தை சொல்லி இறங்கக் கூச்சப்பட்டு, இருபது மைல் தள்ளிப்போய் இறங்கியவள் நான். அதற்கும் பாய்மேல்தான் கோபம் வந்தது.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது விஷயம் முற்றியது. பெயிண்டர் பார்த்துப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். கொத்தனார் கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு என் அறை வாசலில் குந்தியிருந்தார். செந்தில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நேராக வந்தான். சுவரைப் பார்த்தான். இருபது புள்ளி, ஒரு ஓட்டை இல்லை.

எங்கள் பக்கம் எவ்வளவு கோபம் வந்தாலும் ‘ங்க’ குறையாது. கோபம் ஏற ஏற அது கூடவே செய்யும். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தான்.

“பாய், உங்களக் கும்பிட்டுக் கேக்கறனுங்க. ஒரு சொவுத்துல ஒரு பொட்டி வெக்கறதுக்குப் பத்து நாளுங்களா? நாளைக்கு வேற ஆளக் கூட்டியாறனுங்க. அவுரு பத்து நிமிசத்துல அஞ்சடியில வெச்சுட்டுப் போயிருவாருங்க. நீங்க கெளம்புங்க.”

பாயோ வாயைத் திறந்தால் மூடாத மனிதர். அன்றைக்குப் பார்த்து, அம்மா கைதானுங்க காரணம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனைக்கும் நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறேன். ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். முழங்கையில் போட்டுச் சுற்றுகிறார், ஒரு சுற்று, இரண்டு சுற்று. சுத்தியலைப் பையில் போட்டார். உளியைப் போட்டார். டெஸ்டரைத் துடைத்துப் போட்டார்.

இவர் போய்விட்டால் ஐந்தடியில் வந்துவிடும் பெட்டி. மிச்சமிருக்கிற காலமெல்லாம் சொந்த வீட்டில், சொந்த அறையில், மத்தை ஒளித்துவைத்துக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் லைட் போட வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் வாயடைப்புக்காக ஒரு மனிதர் பத்து நாள் பேச்சு வாங்கி, வேலை தெரியாதவர் என்ற பேரோடு படியிறங்கிப் போகிறாரே. அது எனக்குப் பொறுக்கவில்லை.

“செந்திலு, அவரை ஒண்ணுஞ் சொல்லாத” என்றேன்.

என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் பார்த்த மாதிரியேதான் பார்த்தார்கள்.

“எனக்குக் கை ஏறாது. அங்க வெச்சா எட்டாது. இத்தன நாளும் மத்துக் காம்புலதான் லைட்டு போட்டுட்டிருக்கறேன்.”

செந்தில் என் கையையே பார்த்தான். கவிதா என் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள். முதலில் பேசியது பாய்தான். ரொம்பக் கவலையான முகத்தோடு கேட்டார்.

“மரக் காம்புங்களா, எவர்சில்வருங்களா?”

“மரந்தானுங்க” என்றேன். நான் அவர் முகத்தைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

“அப்ப சரிங்க” என்று பெருமூச்சு விட்டார். சுற்றிய ஒயரைக் கீழே போட்டார். ஈரத்துணியை எடுத்துச் சுவரிலிருந்த இருபது புள்ளியையும் அழுத்தித் துடைத்தார். “இப்ப வாங்க. கண்ண மூடுங்க” என்றார்.

மூடினேன். நடந்தேன். குதிகால் தரையிலேயே இருந்தது. கை அது பாட்டுக்குப் போய் ஓரிடத்தில் நின்றது. திறந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒருகாலத்தில் என் தாலிக்கொடி தொங்கிக்கொண்டிருந்த உயரம். பாய் புள்ளி வைத்தார். வைத்த கையோடு உளியை எடுத்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. செந்தில் மட்டும் நகராமல் என் பக்கத்திலேயே, செங்கல் தூசி தலையெல்லாம் விழ, நின்றுகொண்டிருந்தான்.

அதோடு மனிதர் பேசாமல் இருந்தாரா என்றால் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் டீ பாயிண்டில் உட்கார்ந்து, ஏன் முதல்நாளே சொல்லவில்லை என்று கவிதா கேட்டதற்கு ஒரு பிரசங்கம் செய்தார். ஆள் வாயில் வரோணுமுங்க, நானாச் சொன்னா அது எம் பாயிண்ட்டு, அம்மா சொன்னாத்தான் அது அம்மா பாயிண்ட்டு என்று அரை மணி நேரம் அதையே பின்னிப் பின்னிப் பேசினார். பாயிண்டுக்கு வாங்க என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அன்றைய கோட்டாவுக்கு நான் ஏற்கனவே அதிகம் பேசிவிட்டிருந்தேன், விட்டுவிட்டேன்.

புண்ணியார்ச்சனையன்றைக்கு வெள்ளைச் சட்டையில் வந்தார். அதிலும் மார்பில் சாக்பீஸ் கறை. ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு. அதை மாட்ட ஆணி எங்கே அடிக்க வேண்டும் என்று அவரே ஒரு பாயிண்டையும் பார்த்துவிட்டார். வந்த சொந்தக்காரர்கள் என் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, ஏனுங்க, குழந்தைகளுக்காகவா இவ்வளவு கீழே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கக் கேட்க, செந்திலுக்கு முன்னால் இவர் முந்திக்கொண்டு பதில் சொன்னார். ஒவ்வொருத்தராகக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, இது அம்மா பாயிண்ட்டுங்க என்று கோயில் சிலையைக் காட்டுகிற மாதிரிக் காட்டினார். பவானிச் சம்பந்தியம்மா வெளியே வந்து என் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். நான் வெட்கம் தாங்காமல் ஸ்டோர் ரூமுக்குள் போய் முந்திரிப் பருப்பு எண்ணுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். வந்த குழந்தைகளெல்லாம் அன்று முழுக்க என் அறை லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தன. எட்டுகிற சுவிட்சை அவர்களும் அன்றுதான் பார்க்கிறார்கள் போல.

அப்புறம் டாக்டரிடம் போனேன். செந்தில் விடவில்லை. சுவரில் விரலை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றச் சொன்னார்கள், தினமும் செய்கிறேன். நான் பயந்த மாதிரி டாக்டர் ஒன்றும் கடிக்கவில்லை. தலை இப்போது குனியாமலே சீவ முடிகிறது. இதைக் கேள்விப்பட்டு ஒருநாள் பாய் மொபெட்டில் வந்து நின்றார். கை ஏறினால் சொல்லுங்கம்மா, பாயிண்டையும் கூடவே ஏற்றித் தருகிறேன் என்றார். அதை ஒருத்தரும் தொட வேண்டாம் என்று நேராக அவரிடமே சொன்னேன். கவிதா நடுவில் இல்லை. சிரித்துக்கொண்டு, மீட்டர் பெட்டிக்குள் தன் போன் நம்பரைப் பென்சிலால் எழுதினார். “எதாச்சும் கெட்டுதுன்னா ஒரு போன் போடுங்கம்மா, ஓடியாறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கும் இரண்டு வருஷம் ஆகிறது. காரணமில்லாமல் ஒருத்தரைக் கூப்பிட எனக்கு இன்னும் வராது. நேற்று மத்தியானம்கூட வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஹாலில் ஆரம்பித்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் பளிச்சென்று எரிகிறது. பாழாய்ப்போன மனுஷன், ஒன்றில்கூடக் குறை வைக்கவில்லை.